செடி விளக்கை நாமே செய்வோம்: எல்.இ.டி பாகங்களைத் தேர்ந்தெடுக்க முழுமையான வழிகாட்டி

வெயில் எட்டாத பிளாட்டிலும் புதினாவும் லெட்யூஸும் தழைக்க வைக்கலாம். பலர் முதலில் எல்.இ.டி-க்கு மின்சாரம் தரும் டிரைவரை வாங்கிவிட்டு, அதற்கேற்ற எல்.இ.டி-யைத் தேடி அலைகிறார்கள். நாம் செடியிலிருந்து தொடங்குவோம். டிரைவர் பிறகு வரட்டும்.

எவ்வளவு ஒளி?

இரண்டடிக்கு இரண்டடி தட்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். லெட்யூஸுக்கு ஒரு சதுர மீட்டரில் நொடிக்குச் சுமார் 240 மைக்ரோமோல் ஒளி, நாளுக்கு 16 மணி நேரம் கிடைத்தால் போதும். நல்ல எல்.இ.டி-யில் இதற்கு 45 முதல் 50 வாட் ஆகும். மிளகாய், தக்காளி என்றால் இதைப்போல இரு மடங்காவது வேண்டும். முதல் விளக்குக்குக் கீரையே நல்லது.

எந்த எல்.இ.டி?

ஊதா நிற விளக்கு கட்டாயமில்லை. 3000 முதல் 4000 கெல்வின் வரையுள்ள வெள்ளை ஒளியில் செடிக்குத் தேவையான நீலமும் சிவப்பும் இருக்கின்றன. இலையில் பூச்சியோ மஞ்சளோ வந்தால் கண்ணுக்கும் உடனே தெரியும்.

பெட்டியில் ‘1000 வாட்’ என்று போட்டிருப்பதைப் பார்த்து வாங்க வேண்டாம். டேட்டாஷீட்டில் ஒரு ஜூல் மின்சாரத்துக்கு ஒளி 2.5 மைக்ரோமோலுக்குக் குறையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். சாம்சங்கின் எல்.எம்.301 வரிசை சிப் உள்ள ஸ்ட்ரிப்புகள் இந்தத் தரத்தில் கிடைக்கும்.

டிரைவர்: இங்கே நிதானம் தேவை

நமக்கு வேண்டியது மின்னோட்டத்தை மாறாமல் வைக்கும் கான்ஸ்டன்ட் கரன்ட் டிரைவர். ஸ்ட்ரிப் ஒன்று 22 வோல்ட் என்றால், இரண்டைத் தொடராக இணைக்கும்போது 44 வோல்ட். டிரைவரின் வெளியீடு 24–48 வோல்ட், 1050 மில்லி ஆம்பியர் என்றிருந்தால் சரியாகப் பொருந்தும். சுமார் 46 வாட் கிடைக்கும். ஸ்ட்ரிப் தாங்கும் உச்ச மின்னோட்டத்துக்குக் கீழே ஓட்டினால் சூடு குறையும், அதே மின்சாரத்தில் கூடுதல் ஒளியும் வரும்.

வெளியீட்டை வீட்டு மின்சாரத்திலிருந்து பிரித்து வைக்கும் ஐசோலேட்டட் வகை டிரைவரையே கேட்டு வாங்குங்கள். தண்ணீர் புழங்கும் இடம் இது. இதில் மட்டும் சிக்கனம் பார்க்கவே கூடாது.

சூடு

ஸ்ட்ரிப்பை வெறும் பலகையில் ஒட்டாதீர்கள். அலுமினிய சேனலில் தெர்மல் பேஸ்ட் தடவித் திருகுவோம். அலுமினியக் கடையில் வெட்டி மீந்த துண்டுகளே இதற்குப் போதும்.

எவ்வளவு செலவாகும்?

பெரிய தொகை எல்.இ.டி-க்கும் டிரைவருக்கும் போகும். சேனல், வயர், டைமர் எல்லாம் சில்லறைச் செலவு. டிரைவரில் வீணாவதையும் சேர்த்தால் சுமார் 50 வாட். 16 மணி நேரத்துக்கு 0.8 யூனிட், மாதம் 24 யூனிட். யூனிட் 6 ரூபாய் என்று வைத்தால் 144 ரூபாய்.

கவனம்!

முதலில் எல்.இ.டி-யை டிரைவரோடு இணைத்து, பிளஸ் மைனஸைச் சரிபார்த்த பிறகே ஸ்விட்ச் போட வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் டிரைவரில் ஸ்ட்ரிப்பைச் சொருகினால் ஒரு நொடியில் எரிந்துபோகலாம். அலுமினியச் சட்டத்துக்கு எர்த் கட்டாயம். டிரைவர் தண்ணீர் தெறிக்காத உயரத்தில் இருக்கட்டும்.

விளக்கைச் செடிக்கு ஓரடி மேலே தொங்கவிடுவோம். தண்டு மெலிந்து நீண்டால் கொஞ்சம் இறக்குங்கள். மேல் இலை வெளுத்தால் ஏற்றுங்கள்.