சிறுநீர் அடக்க முடியாத பெரியவர் வீட்டில் இருந்தால்



திண்டிவனத்தில் நெருங்கிய சொந்தத்தில் கல்யாணம். "நான் வரலைம்மா, நீங்க போயிட்டு வாங்க" என்கிறார் மாமியார். பஸ்ஸில் புடவை நனைந்துவிடுமோ என்ற பயம்தான். வாய்விட்டுச் சொல்லமாட்டார். தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்து பார்ப்பார். நாமும் "வயசானா அப்படித்தான்" என்று விட்டுவிடுகிறோம்.

அது தவறு. சர்க்கரை நோய், நீர்த்தாரையில் கிருமி, மலச்சிக்கல், பல பிரசவங்களால் தளர்ந்த தசை, ஆண்களுக்குப் புராஸ்டேட் வீக்கம் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். கண்டுபிடித்தால் பெரும்பாலும் குறைக்கலாம். தண்ணீரை நிறுத்தினாலோ சிறுநீர் சுண்டி எரியும், மலமும் இறுகும், தொல்லை கூடும். பகலில் நன்றாகக் குடிக்கட்டும். பொழுது சாய்ந்த பிறகு குறைத்துக்கொள்ளலாம். ரத்தக் கொதிப்புக்கு நீர் மாத்திரை சாப்பிடுபவரானால் அதைக் காலையில் சாப்பிடலாமா என்று டாக்டரைக் கேளுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

முதியோர் இல்லங்களில் வேலை செய்பவர்களும் ஒரு காலத்தில் நம்மைப் போலத்தான் நினைத்தார்கள்: நனைந்தால் துணி மாற்றுவதே வேலை என்று. 1980களில் அமெரிக்க முதியோர் இல்லங்களில் வேறுவிதமாகச் செய்து பார்த்தார்கள். பகலில் 2 மணிக்கு ஒருமுறை, "போகணுமா?" என்று ஊழியரே கேட்டு அழைத்துப் போனார். பலருக்கு நனைவது குறைந்தது. இதற்குக் காசு வேண்டாம், நம் வீட்டிலும் செய்யலாம். ஆனால் எல்லாவற்றையும் மருமகள் தலையில் கட்டாதீர்கள். மாமனாருக்கு அவள் செய்வது இருவருக்குமே கூச்சம். மகன் எதற்கு இருக்கிறார்?

படுக்கையில் கிடப்பவருக்குப் பாய்மேல் ரப்பர் ஷீட், அதன்மேல் பழைய வேட்டி. நனைந்ததும் கழுவி, தேய்க்காமல் ஒற்றித் துடைத்து, வாசலைன் மெல்லத் தடவுங்கள். ஈரத்தோடு விட்டால் புண் வரும். டயாபர் பயணத்துக்கும் ராத்திரிக்கும் உதவும். நாள் முழுக்க ஒன்றையே கட்டிவைக்கக் கூடாது.

2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், இப்படிப் படுத்திருப்பவர்களின் வீட்டுக்கே செவிலியரை அனுப்பவும் ஏற்பட்டதுதான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். காய்ச்சல், சிறுநீரில் ரத்தம், நீர் இறங்காமல் அடிவயிறு உப்புதல், திடீரென்று கால் விளங்காமை இருந்தால் அங்கே இங்கே அலையாமல் திண்டிவனம் அரசு மருத்துவமனைக்கோ முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, எது பக்கமோ அங்கே, உடனே கொண்டுபோங்கள். 108-க்குப் போன் செய்தால் ஆம்புலன்ஸ் வரும்.

கல்யாணத்துக்கு மாமியாரையும் கூட்டிப் போங்கள். கிளம்புமுன் ஒருமுறை, மண்டபத்தில் இறங்கியதும் ஒருமுறை போய்வரட்டும். மாற்றுப் புடவை ஒன்று பையில் இருக்கட்டும்.