வீட்டுப் பராமரிப்பும் கணக்கில் நேர்மையும்

முதியவர் ஒருவரைக் குளிப்பாட்டி, உணவூட்டி, அவரது சொந்த வீட்டிலேயே பேணுவது அரிய பணி. ஐக்கிய அமெரிக்காவில் இப்பணிக்குச் சம்பளத்துக்கு ஆட்களை அனுப்பும் நிறுவனங்கள் பல உள்ளன. 1965ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிறந்த மெடிக்கெயர், மெடிக்கெய்ட் என்னும் இரு அரசாங்கத் திட்டங்களே செலவின் பெரும்பகுதியை ஏற்கின்றன.

பணம் கொடுப்பது அரசாங்கம். பணி நடப்பதோ மூடிய கதவுக்குப் பின்னால். இந்த இடைவெளியில்தான் மோசடி நுழைகிறது. அது எவ்வாறு?

ஒன்று: போகாத நாளில் போனதாக எழுதுதல்.
இரண்டு: ஒரு மணி நேர வேலையை நான்கு மணி நேரமாகக் காட்டுதல்.
மூன்று: நன்றாக நடமாடுபவரை வீட்டைவிட்டு வெளியேற இயலாதவர் என வைத்தியரைக் கொண்டு சான்றுப்படுத்துதல்.
நான்கு: நோயாளரைச் சேர்த்துவிடுவோருக்குக் கைக்கூலி கொடுத்தல்.

இவை சிறு தவறுகளல்ல. டெக்சஸ் மாநிலத்தின் டலஸ் பகுதி வைத்தியர் ஒருவர்மீது 2012இல் வழக்குத் தொடரப்பட்டது. மோசடித் தொகை ஏறக்குறைய 37.5 கோடி டொலர். 2017இல் அவருக்கு 35 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

சட்டம் என்ன சொல்கிறது? மெடிக்கெய்ட் பணத்தில் நடைபெறும் வீட்டு வருகைகள் மின்கருவி மூலம் பதியப்பட வேண்டுமென 2016ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. என்ன சேவை, யாருக்கு, யாரால், எந்த நாள், எந்த இடம், தொடங்கி முடிந்த நேரம் ஆகிய ஆறும் அதில் இருக்க வேண்டும். தவறாகப் பெற்ற பணத்தைக் கண்டறிந்து 60 நாட்களுக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது 2010ஆம் ஆண்டுச் சட்டம். உள்நாட்டுப் போர்க் காலத்தில், 1863இல், இயற்றப்பட்ட பொய்க்கோரிக்கைச் சட்டமோ இன்று மூன்று மடங்கு நட்டஈட்டை அறவிட இடமளிக்கிறது. மோசடியை வெளிப்படுத்தி வழக்கிடும் ஊழியருக்கு, வழக்கு வென்றால், மீட்ட பணத்தில் ஒரு பங்கும் உண்டு.

ஆயினும் ஒன்றை மறவாதீர்கள். பணியாளர் வீட்டுக்குள் வந்ததைக் கருவி காட்டும். படுக்கையிலுள்ளவரைப் புரட்டிப் படுக்கவைத்தாரா என்பதைக் காட்டாது. ஆகவே மேற்பார்வையாளர் முன்னறிவிப்பின்றிச் சென்று பார்க்க வேண்டும். நோயாளரிடமே கேட்க வேண்டும். அரசாங்கம் விலக்கிவைத்தோரின் பட்டியலைப் பாராமல் எவரையும் வேலைக்குச் சேர்க்கலாகாது. குடும்பத்தாரும் வெற்றுத்தாளில் கையொப்பமிடலாகாது. நாளையும் மணியையும் வாசித்த பின்னரே இட வேண்டும்.

பொய்க்கணக்கு எழுதப்படும் ஒவ்வொரு மணி நேரமும், ஒரு முதியவர் உதவியின்றித் தனித்துக் கிடந்த மணி நேரமாக இருக்கலாம். இழப்பு திறைசேரிக்கு மட்டுமன்று.