காய்ச்சலுக்கு எல்லை இல்லை

ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்து மக்கள் சிப்காட் தொழிற்பேட்டைக்கும், எல்லைக்கு அப்பால் பெங்களூருக்கும் நாள்தோறும் சென்று மீள்கின்றனர். கர்நாடக அரசு 2024 செப்டம்பரில் டெங்குவைக் கொள்ளைநோயாக அறிவித்தது. நோயுற்று ஊர் திரும்பும் ஒருவரைக் கடிக்கும் கொசு, அந்நோயைப் பிறருக்கும் பரப்ப வல்லது. ஆதலின் கொசுவின் இயல்பை நாம் அறிதல் அவசியமாகும்.

மலேரியாக் கிருமி கொசுவின் உடலில் வளர்வதை ரொனால்டு ராஸ் 1897-ஆம் ஆண்டு செகந்தராபாத்தில் கண்டறிந்தார். மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் இரவில் கடிப்பது. கிணற்றிலும் வாய்க்காலிலும் பெருகுவது. டெங்கு, சிக்குன்குனியா ஆகியவற்றைப் பரப்பும் ஏடிஸோ பகலில் கடிப்பது. சிமெண்டுத் தொட்டி, பிளாஸ்டிக் பீப்பாய், பழைய டயர், கொட்டாங்கச்சி ஆகியவற்றில் தேங்கும் நீரை நாடுவது. ஆகவே சாக்கடையைத் தூர்வாரியதோடு கடமை முடிந்ததென்று இருத்தல் தகாது.

முட்டை கொசுவாகப் பறக்க ஏறக்குறைய 7 முதல் 10 நாட்கள் ஆகும். வாரம் ஒருநாள் தொட்டியை வடித்தால் இவ்வளர்ச்சி தடைப்படும். ஆனால் ஏடிஸ் முட்டைகள் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, ஈரமின்றியே பல மாதங்கள் கெடாமல் இருக்கும். எனவே சுவரைத் தேய்த்துக் கழுவுதல் வேண்டும். குடிநீர் முறைவைத்து வரும் ஊர்களில் நீரைச் சேமிக்காதீர் என்பது பொருந்தாது. இறுக மூடி வையுங்கள் என்பதே தக்க அறிவுரை. மலர்ச் சாகுபடி செய்வோர் பசுமைக்குடில் அருகிலுள்ள நீர்த்தொட்டிகளையும் கவனித்தல் நலம்.

காய்ச்சல் கண்டால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். ஆஸ்பிரின், இபுபுரூபன் மாத்திரைகளைத் தாமாக உட்கொள்ளலாகாது. டெங்குவில் அவை இரத்தக் கசிவை மிகுவிக்கும். காய்ச்சல் தணிந்ததென்று களை பறிக்கச் செல்வதும் தவறு. டெங்குவில் அபாயம் தோன்றுவது பெரும்பாலும் அந்நாட்களில்தான். கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் இரத்தம் ஆகியவற்றுள் ஒன்று காணினும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

1939-ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டம், கொசு உற்பத்தியாகும் தேக்கங்களை அகற்றுமாறு உரிமையாளரைப் பணிக்க இடம் தருகிறது. பட்டறை முற்றங்களையும், வெளிமாநிலத் தொழிலாளர் வாழும் வாடகைக் குடியிருப்புகளையும் பஞ்சாயத்து உறுப்பினர்கள் சுகாதார ஆய்வாளருடன் வாரந்தோறும் பார்வையிடுவார்களாக. ஒரு வீட்டுத் தொட்டி திறந்து கிடந்தால் அண்டை வீட்டுக் குழந்தைக்கும் ஆபத்தே. ஊர் முழுதும் ஒரே நாளில் தொட்டி கழுவுவதே நம் அனைவருக்கும் காப்பாகும்.