அழித்து எழுதிய 'அவள்'

கேள்வி: அமெரிக்கக் கவி வால்ட் விட்மன் ஆண்களைக் காதலித்தவர் என்கிறார்களே, கவிதையில் ஆதாரம் உண்டா?

பதில்: அச்சான கவிதையைவிடக் கையெழுத்துப் பிரதி அதிகம் பேசுகிறது. ஒரு நகரத்தில் தன்மேல் ஆசை வைத்துப் பிரிய மனமில்லாமல் நின்ற பெண்ணை நினைத்துக்கொள்ளும் கவிதை ஒன்று இருக்கிறது. கையெழுத்துப் பிரதியில் பெண்ணே கிடையாது, ஆண்தான்! அதுமட்டுமல்ல, ஓர் ஆண்மீது கொண்ட காதலையும் பிரிவையும் 1859 வாக்கில் 12 கவிதைகளாகக் கோத்து வைத்திருந்தார். தன் கவிதை நூலின் 1860 பதிப்பில் அவற்றைக் கலைத்து, வரிசை மாற்றி, 45 கவிதைகளுக்கு நடுவே ஒளித்துவிட்டார். பழைய வரிசை 1953இல்தான் அச்சேறியது.

1870ஆம் வருட நோட்டுப் புத்தகம் இன்னும் சுவாரஸ்யம். வாஷிங்டனில் குதிரை டிராம் கண்டக்டராக இருந்த பீட்டர் டாயிலை '16.4' என்று குறிக்கிறார். பெயரின் முதலெழுத்துகள் ஆங்கில அகரவரிசையில் 16, 4. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் ரகசிய பாஷைதான். 'அவன்' என்று எழுதியதை அழித்து 'அவள்' என்றும் ஆக்கியிருக்கிறார். எனக்கு அந்த அழித்தல்தான் மனதைப் பிசைகிறது.

1890இல் ஆங்கில எழுத்தாளர் சைமண்ட்ஸ் இந்த ஆண் காதலைப் பற்றிக் கடிதத்தில் நேராகவே கேட்டார். விட்மன் சீறிவிழுந்து மறுத்து, தனக்கு ஆறு பிள்ளைகள் என்று பதில் போட்டார். அதில் ஒரு பிள்ளைகூட இதுவரை யார் கண்ணிலும் படவில்லை.