கற்பிப்பதும் கற்பதே

ஆசிரியர் தடையின்றிப் பேசினால் வகுப்பு நன்றாக நடந்தது என்று நாம் எண்ணுகின்றோம். நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். ஆசிரியப் பணியை நாடும் தோழர்கள் நம்மிடையே பலர் உளர். அவர்கட்குப் பயன்படும் என்று கருதி, என் எண்ணத்தை மாற்றிய ஒரு சிறு நிகழ்ச்சியையும், அதற்கு விளக்கம் தந்த ஒரு தமிழ் நூலையும் ஈண்டு எடுத்துரைக்க விழைகின்றேன்.

திண்ணை வகுப்பு

கொரோனாத் தொற்றால் 2020 மார்ச்சில் மூடப்பட்ட பள்ளிகளில், 1 முதல் 8 வரையுள்ள வகுப்புகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் மீண்டும் திறக்கப்பட்டன. அக்காலத்தில் விடுபட்ட பாடங்களை ஈடுசெய்யத் தமிழக அரசு ‘இல்லம் தேடிக் கல்வி’ என்னும் திட்டத்தைத் தொடங்கிற்று. அதில் தன்னார்வலனாகச் சேர்ந்த நான், 2022இல் சிதம்பரத்தை அடுத்த எங்கள் ஊராகிய கீரப்பாளையத்தில், ஒரு வீட்டுத் திண்ணையில் மாலைதோறும் சிறு பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தேன்.

நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி 52இலிருந்து 27ஐக் கழித்து 35 என்று எழுதினாள். கடன் வாங்கிக் கழிக்கும் முறையை மும்முறை விளக்கினேன். மீண்டும் 35! “கவனம் எங்கே இருக்கிறது?” என்று கடிந்தேன். மறுநாள் அவள் வரவில்லை.

அவள் வீட்டிற்கே சென்று அழைத்து வந்தேன். இம்முறை விளக்கவில்லை, “எப்படிப் போட்டாய், சொல்லம்மா” என்று கேட்டேன். “ரெண்டைவிட ஏழு பெருசு. பெருசுலேருந்து சின்னதைக் கழிக்கணும்னு நீங்கதானே அண்ணா சொன்னீங்க!” என்றாள்.

நான் நாணித் தலைகுனிந்தேன். எளிமைக்காக முதல் நாள் நான் சொன்ன விதியையே அவள் ஒவ்வோர் இலக்கத்திலும் தவறாது கடைப்பிடித்திருக்கின்றாள். பிழை அவள் கவனத்தில் இல்லை; என் சொல்லில் இருந்தது.

பின்னர் ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி, 5 கட்டும் 2 உதிரிக் குச்சியும் கொடுத்து, “இதிலிருந்து 27 குச்சி எடுத்துக் கொடு” என்றேன். இரண்டு கட்டுகளைத் தந்தாள். உதிரியைப் பார்த்தாள். சிறிது தயங்கி, ஒரு கட்டைத் தானே அவிழ்த்தாள். எஞ்சியவை 2 கட்டும் 5 குச்சியும். அருகிலிருந்த மூன்றாம் வகுப்புச் சிறுவன், “கட்டை ஏன் அவுத்த?” என்று கேட்டான். “உதிரி பத்தலடா, அதான்” என்றாள். மும்முறை நான் விளக்கியும் விளங்காதது அவ்வொரு விடையில் இருந்தது.

நன்னூல் காட்டும் நெறி

ஏறத்தாழ 800 ஆண்டுகட்கு முன் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரத்தைப் பின்னொருநாள் படித்தபோது, அதில் என்னையே கண்டேன். நல்லாசிரியருக்கு நிலம், மலை, துலாக்கோல், மலர் ஆகியவற்றை உவமை கூறும் அந்நூல், ஆகாத ஆசிரியரைக் கழற்குடத்திற்கும் ஒப்பிடுகின்றது. குடத்தில் இட்ட கழற்காய்கள் இட்ட வரிசையில் வெளிவருவதில்லை. குச்சியை முன்னும் விதியைப் பின்னும் தர வேண்டிய நான், வரிசை மாற்றிக் கொட்டிய கழற்குடமே அன்றோ?

விரையாமலும் வெகுளாமலும், மாணவனின் கொள்திறன் அறிந்து கற்பிக்க வேண்டும் என்கின்றது நன்னூல். மேலும் அது ஓர் அரிய கணக்கையும் தருகின்றது. ஆசிரியர் சொல்வதை நன்கு கேட்டாலும் மாணவன் பெறுவது கால் பங்கே. உடன் பயில்வோரோடு பழகிப் பெறுவது இன்னொரு கால். எஞ்சிய அரைப்பங்கு, தான் பிறர்க்கு எடுத்துரைக்கும்போதே நிறைவுறுகின்றது. அச்சிறுமி சிறுவனுக்கு விடை சொன்ன கணத்தில் பெற்றது இந்த அரைப்பங்கே.

என் துணிபு

எனவே, விளக்குமுன் கேள். விதிக்குமுன் பொருளைக் காட்டு. முடிவில் மாணவனைப் பேசவிடு என்னும் மூன்றையும் என் கற்பித்தல் நெறியாகக் கொண்டுள்ளேன். நம் கல்லூரி வகுப்புகளிலும் இறுதி ஐந்து நிமிடங்களை ஒரு மாணவர் எழுந்து பாடத்தை எடுத்துரைக்க ஒதுக்கலாம் என்பது, பேராசிரியப் பெருமக்களிடம் நான் பணிவுடன் வைக்கும் வேண்டுகோள். அவர் தவறாகவே சொல்லினும் இழப்பில்லை. அத்தவறு எங்கே பிறந்தது என்பதையேனும் நாம் அறியலாம். தவறிய மாணவரைக் கடியுமுன், “எப்படிப் போட்டாய்?” என்று ஒருமுறை கேட்போமாக!