அடித்தால்தான் படிப்பு வருமா?

கேள்வி: ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகன் அடிக்குப் பயந்து பள்ளிக்கூடம் போக மறுக்கிறான். 'அடிக்காமல் படிப்பு வருமா?' என்கிறார் மாமனார். நான் என்ன செய்வது?
– ஒரு தாய், உடன்குடி

பதில்: உங்கள் மகன் பயப்படுவதில் தவறே இல்லை, அம்மா. கல்வி உரிமைச் சட்டம் (2009), 17ஆம் பிரிவு, பள்ளியில் பிள்ளையை அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் தடை செய்கிறது. மீறும் ஆசிரியர்மீது துறை நடவடிக்கை உண்டு. அடி பாடத்தைப் பதிய வைப்பதில்லை. பயத்தைத்தான் பதிய வைக்கிறது. மாமனாரிடம் இதைப் பக்குவமாகச் சொல்லுங்கள்.

முதலில் மகன் சொல்வதைக் குறுக்கிடாமல் கேளுங்கள். நடந்ததைத் தேதியோடு எழுதித் தலைமை ஆசிரியரிடம் கொடுங்கள். பள்ளி மேலாண்மைக் குழு இருந்தால் அதன் கூட்டத்திலும் பேசுங்கள். அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான். பலன் இல்லையென்றால் கல்வி உதவி எண் 14417, குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கின்றன.

சக மாணவர்கள் சாதி சொல்லிச் சீண்டுகிறார்களா என்றும் மகனிடம் கேளுங்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவரும் அவர் தங்கையும் சாதி வெறி கொண்ட சக மாணவர்களால் வீட்டிலேயே வெட்டப்பட்டார்கள். அதன்பின், மாணவர்களிடையே சாதிப் பிரச்சினைகளைத் தடுக்க வழி சொல்லுமாறு ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவின் குழுவைத் தமிழக அரசு அமைத்தது. சீண்டலைத் தொடக்கத்திலேயே தடுப்பது பள்ளியின் கடமை. பெற்றோர் கேள்வி கேட்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. தைரியமாகக் கேளுங்கள்.