ஓராண்டுப் படிப்பு எத்தனை ஆண்டுகள்?

சென்ற ஆண்டு என் தங்கை பன்னிரண்டாம் வகுப்பில் தேறினாள். பள்ளி வாசலிலேயே ஒருவர் துண்டறிக்கை கொடுத்திருக்கிறார். “ஓராண்டு டயாலிசிஸ் டெக்னீசியன் சான்றிதழ், படிப்பு முடிந்ததும் வேலை” என்று அதில் அச்சிட்டிருந்தது. அதைக் கொண்டுவந்து அப்பாவிடம் காட்டினாள். இரண்டே நாளில் அப்பா ரூ. 5,000 முன்பணம் கட்டிவிட்டார். பிறகுதான் என்னிடம் சொன்னார்கள். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆகவே, “நீதானே கணிதம் படிக்கிறாய், இது கட்டுப்படியாகுமா என்று பார்” என்ற பொறுப்பு என் தலையில் விழுந்தது. அந்தக் கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன். நம்மில் பலர் வீட்டிலும் தம்பி தங்கைகள் இதே துண்டறிக்கையோடு வந்து நிற்பார்கள் என்பதால் எழுதுகிறேன்.

தங்கை இப்படிப்பை வெறும் விளம்பரத்தைப் பார்த்து விரும்பவில்லை. எங்கள் பெரியப்பாவுக்கு இரு சிறுநீரகமும் செயலிழந்துவிட்டன. வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம், இயந்திரத்தோடு படுத்திருக்க வேண்டும். துணைக்குப் போய்வந்தவள் அவள்தான். ஊழியர் முதலில் பெரியப்பாவை எடை பார்ப்பார். சென்ற முறையை விட எத்தனை கிலோ கூடியிருக்கிறதோ, அது பெரும்பாலும் உடம்பில் தேங்கிய நீர். அதைக் கணக்கிட்டு இவ்வளவு நீரை இறக்க வேண்டுமென்று இயந்திரத்தில் குறிப்பார். குறித்த அளவு மிகுந்தால் இரத்த அழுத்தம் இறங்கி நோயாளி மயங்குவார். குறைந்தால் மூச்சுத் திணறும். “அண்ணா, அவர் போட்ட கணக்குல பெரியப்பா எழுந்து நடந்து வீட்டுக்கு வர்றார்” என்று அவள் சொன்னாள். ஆகவே, “வேண்டாம்” என்று ஒரு சொல்லில் முடிக்க எனக்கு மனம் வரவில்லை. தேவையுள்ள தொழில்தான். 2016இல் தேசிய டயாலிசிஸ் திட்டம் அறிவிக்கப்பட்ட பிறகு மாவட்ட மருத்துவமனைகளிலும் இவ்வியந்திரங்கள் வந்துள்ளன. இயந்திரம் இருக்குமிடத்தில் அதை இயக்க ஆள் வேண்டும்.

இனிச் செலவு. துண்டறிக்கையில் கட்டணம் ரூ. 65,000 என்று மட்டும் இருந்தது. நேரில் போய்த் துருவிக் கேட்டபோது தேர்வுக்கும் சான்றிதழுக்கும் ரூ. 6,000, சீருடைக்கும் புத்தகத்துக்கும் ரூ. 4,000, விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் மாதம் ரூ. 3,500 என ஒவ்வொன்றாக வெளியே வந்தன. பன்னிரண்டு மாதத்துக்கும் கூட்டினால் ரூ. 1,17,000. அம்மாவின் மகளிர் குழுச் சேமிப்பு ரூ. 17,000 போக மீதி ஒரு இலட்சம் கடன் வாங்க வேண்டும். அப்பாவுக்கு உடனே கிடைக்கக்கூடியது, ஊரில் நூற்றுக்கு இரண்டு வட்டிக்குக் கொடுப்பவரிடம்தான். மாதம் இரண்டு என்றால் ஆண்டுக்கு இருபத்து நான்கு. படிக்கும் ஓராண்டில் வட்டி மட்டும் ரூ. 24,000. தங்கை சான்றிதழோடு வெளியே வரும் நாளில் கடன் ரூ. 1,24,000.

வருமானத்தை அறிய, அந்நிறுவனத்திலேயே முன்பு படித்த இருவரைத் தேடிப்பிடித்துக் கேட்டேன். ஒருவர் தனியார் மருத்துவமனையில் மாதம் ரூ. 9,000 பெறுகிறார். மற்றவர் துணிக்கடையில் இருக்கிறார். ஒன்பதாயிரத்தில் அறை வாடகையும் சாப்பாடும் ரூ. 5,500, ஊருக்கு வந்துபோக ரூ. 500, மிஞ்சுவது ரூ. 3,000.

இங்கேதான் நான் முதல் தவற்றைச் செய்தேன். 1,24,000ஐ 3,000ஆல் வகுத்து, “42 மாதத்தில் கடன் அடைந்துவிடும்” என்று வீட்டில் சொல்லிவிட்டேன். அப்பா முகம் மலர்ந்தது. மறுநாள் எங்கள் கணிதப் பேராசிரியரிடம் காட்டினேன். அவர் தாளைத் திருப்பித் தந்து, “வேலைக்குப் போன பிறகு வட்டிக்காரர் வட்டி வாங்க மாட்டாரா?” என்று மட்டும் கேட்டார். வெட்கமாகப் போயிற்று. பெருக்குத் தொடரை அந்தப் பருவத்தில்தான் தேர்வில் எழுதியிருந்தேன்!

மீண்டும் போட்டேன். முதல் மாதம் 1,24,000க்கு வட்டி ரூ. 2,480. கட்டும் மூவாயிரத்தில் இது போக முதலில் கழிவது வெறும் ரூ. 520. ஓராண்டு முழுதும் ரூ. 36,000 கட்டிய பின்னும் குறைந்திருப்பது ரூ. 7,000க்கும் குறைவு. கடன் தீர்ந்துவிடும் என்று நான் சொன்ன அந்த 42ஆவது மாத முடிவில் ரூ. 90,000க்கு மேல் பாக்கி நிற்கிறது. முழுதும் தீர 89 மாதங்கள் ஆகும். ஒரு இலட்சம் வாங்கியதற்கு ரூ. 2,65,000க்கு மேல் கட்டியிருப்போம். படிக்கும் 12 மாதத்தையும் சேர்த்தால் 101 மாதம். எட்டு ஆண்டு ஐந்து மாதம். இதில் ஒரு மாதம் வேலை இல்லாமற்போவது, காய்ச்சல், திருமணம் எதையும் நான் சேர்க்கவில்லை.

வட்டிதான் கொல்லுகிறது என்று தெரிந்ததும் வங்கிக்குப் போனோம். இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில் நான்கு இலட்சம் ரூபாய் வரை ஈடு கேட்பதில்லை. படிக்கும் காலத்தில் தனிவட்டிதான். ஆண்டுக்கு 10 விழுக்காடு என்று கொண்டால், அதே ஒரு இலட்சம் ஓராண்டில் ரூ. 1,10,000 ஆகும், அதே மூவாயிரத்தைக் கட்டினால் 44 மாதத்தில் தீர்ந்துவிடும். 89க்கும் 44க்கும் உள்ள வேறுபாடு கடன் வாங்கும் இடத்தால் வருவது. ஆனால் மேலாளர் எங்களைக் கேட்ட முதல் கேள்வி, “எந்தப் பல்கலைக்கழகம்? எந்த அரசு ஏற்பு?” என்பது. சான்றிதழ் மாதிரியில் ஓர் அறக்கட்டளையின் முத்திரை தவிர வேறு எதுவும் இல்லை. கடன் மறுக்கப்பட்டது. அப்பாவுக்கு வருத்தம். எனக்கோ, கடனை விடப் பெரிய செய்தி ஒன்று இலவசமாகக் கிடைத்ததாகத் தோன்றிற்று. வங்கி நம்ப மறுக்கும் சான்றிதழை வேலைக்கு எடுப்பவர் மட்டும் நம்ப வேண்டுமென்று நாம் ஏன் எதிர்பார்க்க வேண்டும்?

சட்டத்தையும் பார்த்தேன். இணைநிலை மற்றும் நலவாழ்வுத் தொழிலர்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் 2021இல் நிறைவேறியது. இணைநிலைத் தொழிலர் எனப்படுவதற்கான பட்டயமோ பட்டமோ 2,000 மணி நேரத்துக்குக் குறையாமல், இரண்டு முதல் நான்கு ஆண்டுகளில் படித்ததாக இருக்க வேண்டும் என்று அது வரையறுக்கிறது. ஓராண்டுச் சான்றிதழ் இந்த வரையறைக்குள் வராது. இதைத் துண்டறிக்கைக்காரரிடம் கேட்டபோது, “அதெல்லாம் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் தம்பி” என்றார். பயிற்சிக் கூடத்தைக் காட்டச் சொன்னேன். ஒரே ஓர் இயந்திரம், பிளாஸ்டிக் உறை போட்டு மூடி இருந்தது. நாற்பது மாணவர் அதை உறையோடு பார்த்துத்தான் தேறுகிறார்கள் போலும்.

பிறகு மாற்று வழியைக் கணக்கிட்டோம். தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் டயாலிசிஸ் தொழில்நுட்பத்தில் பி.எஸ்சி. பட்டம் இருக்கிறது, மூன்றாண்டுப் படிப்பு, ஓராண்டு உள்ளிருப்புப் பயிற்சி. அரசு இடம் கிடைத்தால் கட்டணம், விடுதி, பேருந்து எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு ரூ. 30,000 என்று வைத்தேன். அம்மாவின் சேமிப்பைத் தொடாமல் முழுவதையும் வங்கிக் கடனாகவே கொண்டாலும், நான்காண்டு முடிவில் 10 விழுக்காடு தனிவட்டியோடு ரூ. 1,50,000.

இவ்விடத்தில் நண்பர்கள் பட்டமே சிறந்தது என்று நான் சொல்லப்போவதாக நினைக்கலாம். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. பட்டம் பெற்றவளுக்கும் அதே ரூ. 9,000 தான் சம்பளம் என்றால், கடன் தீர 65 மாதம். படிப்பின் 48 மாதத்தோடு சேர்த்து ஒன்பது ஆண்டு ஐந்து மாதம். தனியார் சான்றிதழையும் விட ஓராண்டு தாமதம்! சம்பளம் ரூ. 12,000 என்றால் 29 மாதத்தில் தீர்கிறது. மொத்தம் ஆறு ஆண்டு ஐந்து மாதம். இரண்டு வழியும் சமமாகும் புள்ளி எங்கே என்று தேடினேன். மாதம் சுமார் ரூ. 513 கூடுதலாகக் கிடைத்தால் போதும். நான்கு ஆண்டா ஓராண்டா என்று வீட்டில் நடந்த சண்டை முழுவதும் இந்த ஐந்நூற்றுச் சொச்சம் ரூபாய்க்குள் அடங்கியிருந்தது.

பட்டதாரிக்கு அந்த ஐந்நூறு கூடக் கிடைக்குமா என்பதை ஊகிக்க வேண்டியதில்லை, விசாரிக்கலாம். பெரியப்பா போகும் மருத்துவமனையில் கேட்டோம். பட்டம் பெற்றவருக்கும் சான்றிதழ்காரருக்கும் தொடக்கத்திலேயே இரண்டாயிரத்துக்கு மேல் வேறுபாடு இருக்கிறது. அரசு வேலையை எண்ணுவோர், மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் பழைய அறிவிப்பு ஒன்றை எடுத்துக் கல்வித் தகுதிப் பத்தியைப் படித்துப் பார்க்க வேண்டும். சேர வேண்டிய படிப்பை அங்கிருந்து பின்னோக்கி வந்து தேடலாம்.

ஒன்று மட்டும் என் கணக்கில் அடங்கவில்லை. அரசு இடத்துக்கு விண்ணப்பிக்கும் நாள் அதற்குள் கடந்துவிட்டது. ஓராண்டு காத்திருக்க வேண்டும். “பெண்ணை ஒரு வருஷம் சும்மா வைத்திருந்தால் ஊர் என்ன சொல்லும்? மாப்பிள்ளை பார்க்கலாம்” என்று அத்தை தொடங்கிவிட்டார். தங்கை அன்றிரவே, “அப்பா, ஒரு வருஷம் மருந்துக்கடை வேலைக்குப் போறேன். வர்ற சம்பளத்தை விடுதிக்கு வச்சுக்கலாம். கல்யாணம் மட்டும் இப்ப வேணாம்” என்றாள். அப்பா பதில் சொல்லவில்லை. மறுநாள் காலை தன் மிதிவண்டியைத் துடைத்து, காற்றடித்து, அவளிடம் கொடுத்தார்.

முன்பணம் ரூ. 5,000 திரும்பி வரவில்லை. அதைச் செலவில் எழுதி வைத்திருக்கிறேன். இவ்வாண்டு முதல் நாளிலேயே விண்ணப்பித்துவிட்டாள். தரவரிசைப் பட்டியல் இன்னும் வெளிவரவில்லை. செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் கடையில் கேட்டுக்கொண்டு, பெரியப்பாவோடு இன்றும் அவள்தான் போகிறாள்.